பலர் கைப்பட ஒரு கிட்டார்: கூட்டாகச் செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிளைன்பர்க் என்று ஓர் ஊர். அங்குள்ள மெக்மைக்கேல் கலைக்கூடத்தில் 2017-ஆம் ஆண்டு எட்டு கிட்டார்களைக் காட்சிக்கு வைத்தார்கள். ழான் லாரிவே என்ற மூத்த கைவினைஞரும், அவரிடம் வேலை பழகிய லிண்டா மான்சர், கிரிட் லாஸ்கின், செர்ஜி டி ஜோங், டேவிட் ரென், ஜார்ஜ் கிரே, டோனி டக்கன்-ஸ்மித் ஆகியோரும் ஆளுக்கொன்றாக ஏழு கிட்டார்களைச் செய்திருந்தார்கள். கனடாவின் புகழ்பெற்ற ‘குரூப் ஆஃப் செவன்’ ஓவியர்களில் ஒவ்வொருவரை மனத்தில் வைத்துச் செய்தவை அவை. எட்டாவது கிட்டார் ஏழு பேரும் சேர்ந்து செய்தது. அந்த ஓவியர் குழு 1920-இல் உருவாவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இறந்துபோன டாம் தாம்சனுக்கு அதை அர்ப்பணித்தார்கள்.

ஆளுக்கொரு பாணியும் பிடிவாதமும் உள்ள ஏழு பேர் ஒரே கிட்டாரில் கைவைக்க முடிந்ததற்கு முக்கியமான காரணம், அவர்கள் ஒரே பட்டறை மரபில் வந்தவர்கள் என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். ‘கொஞ்சம் இழை’ என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு என்று மற்றவருக்குத் தெரியும். நமக்கு அந்த வசதி இல்லை. வெவ்வேறு இடங்களில் தொழில் பழகியவர்கள் சேரும்போது, அந்தப் பொதுப் புரிதலைக் காகிதத்திலும் அளவுகோலிலும் நாமே உண்டாக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். உளி பிடிக்கத் தெரிந்தவர்கள், ஆனால் கிட்டார் செய்து பழகாதவர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எஃகுக் கம்பி அக்குஸ்டிக் கிட்டார் ஒன்றைச் செய்து முடிக்க இது உதவும்.

## படி 1: ஆட்களைச் சேர்ப்பது

முதல் கிட்டாருக்கு மூன்று பேர் போதும். நான்கு பேர் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வேலையைவிடப் பேச்சு அதிகமாகும்.

மூவரில் ஒருவராவது ஏதேனும் ஒரு நரம்பு வாத்தியத்தைத் தொடக்கம் முதல் கம்பி மாட்டும் வரை செய்து முடித்தவராக இருக்கட்டும். அப்படிப்பட்டவர் கிடைக்காவிட்டால், கிட்டார் பழுது பார்ப்பவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புது கிட்டார் செய்கிறவர்கள் கவனிக்காமல் விடும் இடங்கள் பழுது பார்ப்பவருக்கு மனப்பாடம். எந்த மூட்டு பிரியும், எந்தப் பலகை அமுங்கும் என்று அவர் அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்ல தச்சர் ஒருவரும், வாசிக்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் குழு நிறைவாகும்.

கூடவே ஒருவரைப் பொறுப்பாளராக முடிவு செய்துவிடுங்கள். அளவுகளில் கருத்து வேறுபாடு வந்தால் அவர் சொல்வதே முடிவு. வாக்கெடுப்பு நடத்தி மேற்பலகையின் கனத்தை முடிவு செய்ய முடியாது. மூவரும் ஆளுக்கு அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்துச் செய்த கிட்டார் யாருக்கும் பிடிக்காது.

## படி 2: ஒரே வரைபடம், ஒரே அளவுகோல்

முதலில் மாதிரியை முடிவு செய்யுங்கள். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஓ.எம். மாதிரி. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1929-இல் கொண்டுவந்த வடிவம் அது. பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்ஜோ கலைஞர் நீண்ட நெக் வேண்டும் என்று கேட்டதிலிருந்து பிறந்தது. பெட்டியின் அகன்ற பகுதி 381 மி.மீ.; பதினான்காம் ஃப்ரெட்டில் நெக் பெட்டியைச் சந்திக்கும். டிரெட்நாட் என்ற மாதிரியைப் போலப் பெரியதல்ல என்பதால் பக்கப்பலகையை வளைப்பதும் பலகையைக் கையாள்வதும் எளிது. விரலால் மீட்டினாலும் பிக்கால் மீட்டினாலும் சரியாக ஒலிக்கும்.

முழு அளவு வரைபடத்தை ஒரே ஒரு மூலப்பிரதியாக வையுங்கள். நகல் எடுக்கும் இயந்திரங்கள் காகிதத்தை ஒரு திசையில் லேசாக இழுத்துவிடுவதுண்டு. ஆகவே ஒவ்வொரு நகலிலும் 500 மி.மீ. நீளமுள்ள கோடு ஒன்று இருக்கட்டும். கையில் வாங்கியதும் அதை அளந்து பார்த்துவிட்டே வேலையில் இறங்க வேண்டும். அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் கலக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும். பொறுப்பாளர் உட்கார்ந்து எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்கு மாற்றி எழுதட்டும்.

இந்த அளவுகளை எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்:

- கம்பி நீளம், அதாவது நட்டிலிருந்து சாடில் வரையிலான கணக்கு நீளம்: 645 மி.மீ.
- நட் அகலம்: 44.5 மி.மீ.
- நெக் பெட்டியைச் சேருமிடம்: 14-ஆம் ஃப்ரெட்
- மேற்பலகையின் மேடு: 9 மீட்டர் ஆரமுள்ள வளைவு, அடிப்பலகைக்குச் சுமார் 4.5 மீட்டர்
- நெக் மூட்டு: போல்ட் போட்டு முடுக்கும் வகை

ஃப்ரெட் இடைவெளிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம் கிடைக்கும். 645-க்கு அது 36.2 மி.மீ. மீதியுள்ள 608.8-ஐ மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது ஃப்ரெட். இப்படியே போனால் பன்னிரண்டாம் ஃப்ரெட் சரியாகப் பாதியில், 322.5-இல் வந்து நிற்கும். அப்படி வராவிட்டால் எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது. நெக் செய்பவர் 650 மி.மீ. கணக்கில் ஃப்ரெட் வெட்டி, பெட்டி செய்பவர் 645 கணக்கில் பிரிட்ஜை ஒட்டினால், உலகத்தின் எந்த டியூனராலும் அந்த கிட்டாரைச் சுருதி சேர்க்க முடியாது. கூட்டுவேலையில் நடக்கக்கூடிய மிகப் பெரிய விபத்து இதுதான். காகிதத்தில் ஒரு வரி எழுதினால் தவிர்த்துவிடலாம்.

## படி 3: மரம்

எல்லா மரத்தையும் ஒருவரே, ஒரே தடவையில் வாங்கட்டும். பிறகு குறைந்தது சில வாரங்கள் ஒரே அறையில் அடுக்கி வைத்துவிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ். சிட்கா வகை எளிதில் கிடைக்கும், முதல் முயற்சிக்கு அதுவே போதும். பலகையின் முகப்பில் ரேகைகள் நெருக்கமாகவும் நேராகவும் ஓட வேண்டும். முனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பலகையை மெதுவாக அகலவாட்டில் வளைத்துப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்து நின்றால் நல்ல பலகை.

அடிப்பலகைக்கும் பக்கத்துக்கும் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். இங்கேதான் நம் மலைகள் உலக கிட்டார் வரலாற்றுக்குள் வருகின்றன. பிரேசில் ஈட்டி அரிதாகிப்போனதும் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அன்று முதல், கூடலூர், வயநாடு, குடகு போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் காப்பிக்கும் தேயிலைக்கும் நிழல் தந்த இந்த மர இனம் உலகின் எண்ணற்ற கிட்டார்களின் முதுகாக இருக்கிறது. அதை நாம் அலட்சியமாக வாங்கக் கூடாது. பட்டா நிலத்து மரத்தையும் விருப்பம்போல் வெட்டிவிடாமல் தடுக்க, தமிழ்நாட்டில் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ரசீதும் போக்குவரத்து அனுமதிச் சீட்டும் தருகிற கடையில் மட்டுமே வாங்குங்கள். பழைய வீடுகள் இடிபடும்போது கிடைக்கும் உத்தரம், கட்டில் பலகை ஆகியவை அருமையான மரம். அதற்கும் எழுத்தில் சான்று கேட்டு வாங்கி வையுங்கள்.

கூட்டாளி ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு கவனம் தேவை. 2017 ஜனவரி முதல், பிரேசில் ஈட்டி தவிர ஈட்டி இனம் முழுவதும் ‘சைட்டீஸ்’ என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த வாத்தியங்களுக்கும் முடிவடைந்த பாகங்களுக்கும் விலக்கு உண்டு. வெறும் பலகைக்கு இல்லை. பாதி செய்த பெட்டியை எல்லை தாண்டி அனுப்புவதாக இருந்தால் முதலில் வனத்துறையிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். பிரேசில் ஈட்டி 1992-இலிருந்தே முதலாம் பட்டியலில் உள்ளது. அதைத் தொடவே வேண்டாம்.

நெக்குக்கு மகோகனி, விரல்பலகைக்கும் பிரிட்ஜுக்கும் கருங்காலி இனமோ ஈட்டியோ. சட்டச் சிக்கலும் செலவும் கூடக் கூடாதென்றால், ஏற்கெனவே சான்றோடு வாங்கும் ஈட்டியையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம், ஒலியில் குறை வராது.

## படி 4: ஈரப்பதம், கூட்டுவேலையின் உயிர்நாடி

ஒரே பட்டறையில் செய்யும் கிட்டாருக்கும் மூன்று பட்டறைகளுக்குப் பயணிக்கும் கிட்டாருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காற்றிலுள்ள ஈரம்தான். மரம் ஈரத்தை இழுத்தால் அகலவாட்டில் விரியும். காய்ந்தால் அகலவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய மாறவே மாறாது. மேற்பலகையின் அடியில் ஒட்டும் பிரேஸ்கள் அந்த அகலத்தைக் குறுக்கே பிடித்து நிற்பவை. சென்னையில் 75 சதவீத ஈரத்தில் பிரேஸ் ஒட்டிய பலகையை 45 சதவீத ஈரமுள்ள ஊருக்கு அனுப்பினால், 381 மி.மீ. அகலப் பலகை ஏறக்குறைய 3 மி.மீ. சுருங்கப் பார்க்கும். பிரேஸ் விடாது. பலகை அமுங்கும், அல்லது பிளக்கும்.

ஆகவே பலகையில் பிரேஸ் ஒட்டுவதும் பெட்டியை மூடுவதும் 45 சதவீத ஈரத்தில்தான் நடக்க வேண்டும். ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருக்கலாம். கடலோர ஊர்களில் சின்ன அறை ஒன்றை அடைத்து, ஈரமுறிஞ்சும் இயந்திரம் ஒன்றை ஓடவிட்டால் இது முடியும். குளிர்சாதனம் ஓரளவுக்கு உதவும். மழைக்காலத்தில் இந்த இரண்டு வேலைகளையும் தள்ளிப்போடுவது நல்லது.

அடுத்த பிரச்சினை, ஈரமானிகள் பொய் சொல்லும். மலிவான கருவிகளில் பத்து சதவீதம் வரைகூட வித்தியாசம் வரலாம். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சமையல் உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையாமல் ஈரமணல் பதத்துக்குக் குழைத்து ஒரு மூடியில் வையுங்கள். குழுவில் உள்ள எல்லோருடைய ஈரமானிகளையும் அந்த மூடியோடு காற்றுப் புகாத ஒரே டப்பாவில் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்ளே காற்று 75 சதவீத ஈரத்தில் நிலைக்கும்; இது இயற்பியல், மாறாது. ஒரு கருவி 69 காட்டினால் அதன் முதுகில் ‘+6’ என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள். 78 காட்டினால் ‘–3’. இனி எல்லோரும் ஒரே மொழியில் ஈரத்தைப் பேசுவீர்கள்.

பாகங்களை அனுப்பும்போது பாலித்தீன் உறையில் நன்றாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஆடாமல் வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள்.

## படி 5: எங்கே பிரிப்பது, எங்கே பிரிக்கக் கூடாது

கிட்டாரில் இயல்பாகவே பிரிக்கக்கூடிய மூன்று இடங்கள் உண்டு: பெட்டி, நெக், பாலிஷ். இந்த எல்லைகளில் பிரித்தால் ஒவ்வொருவரும் தன் பங்கை முழுமையாகச் செய்து கொடுக்க முடியும்.

மேற்பலகையைச் சன்னமாக்குவதையும் பிரேஸ் செதுக்குவதையும் மட்டும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுக்காதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பலகை எவ்வளவு விறைப்பு என்று தன் விரலால் உணர்ந்தவருக்குத்தான் பிரேஸில் எவ்வளவு விட வேண்டும் என்று தெரியும். வெர்னியர் காட்டும் எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஸ்ப்ரூஸ் பலகைகள் ஒன்றல்ல.

நெக் மூட்டில் பழைய பாணியான புறாவால் மூட்டு அழகானது, உறுதியானது. ஆனால் வேறு வேறு கைகளில் செய்த பெட்டியையும் நெக்கையும் பொருத்த அது ஏற்றதல்ல. போல்ட் மூட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் கழற்றி, சீவி, மாட்டலாம்.

கிட்டாரோடு கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் பயணிக்கட்டும். தேதி, அன்றைய ஈரம், பலகையின் கனம் எந்த இடத்தில் எவ்வளவு, எந்தப் பசை, எத்தனை மணி நேரம் கிளாம்ப் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். ‘இங்கே ரேகை சாய்கிறது, இழைப்புளியை எதிர்த்திசையில் ஓட்டாதே’ போன்ற குறிப்புகள் அடுத்தவருடைய பாதி நாளை மிச்சப்படுத்தும்.

## படி 6: பெட்டி

மேற்பலகையின் இரண்டு பாதிகளையும் புத்தகம் திறந்ததுபோல ரேகை பொருந்தும்படி வைத்து விளிம்பை இழையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தாலும் மீண்டும் இழைக்க வேண்டும். பசையால் இடைவெளியை நிரப்ப முடியாது.

ஒட்டிய பலகையில் மையக்கோட்டைப் பென்சிலால் போட்டுவிடுங்கள். பெட்டியை மூடி நெக் சேரும் வரை அந்தக் கோடு அழியக் கூடாது. உப்புத்தாள் போட்டால் மறுபடி வரையுங்கள்.

கனத்தைச் சுமார் 2.8 மி.மீ.க்குக் கொண்டுவந்தபின் பிரேஸ். எஃகுக் கம்பி கிட்டாருக்கு எக்ஸ் வடிவ அமைப்புத்தான் வழக்கம். 1840-களில் மார்ட்டின் பட்டறையில் குடல்நரம்பு கிட்டார்களுக்குத் தோன்றி, பின்னாளில் எஃகின் இழுவிசையையும் தாங்கிய அமைப்பு அது. பிரேஸ் கட்டைகளைப் பிளந்து எடுத்த ஸ்ப்ரூஸிலிருந்து செய்யுங்கள். ரம்பத்தால் அறுத்தால் ரேகை குறுக்கே ஓடிப் பலம் குறையும். முக்கியப் பிரேஸ்கள் 8 மி.மீ. அகலமும், செதுக்குமுன் 15 மி.மீ. உயரமும் இருந்தால் போதும்.

செதுக்கும்போது பலகையை இரண்டு விரலால் மேல்விளிம்பில் தொங்கவிட்டு, பிரிட்ஜ் வரும் இடத்தை விரல்மூட்டால் தட்டுங்கள். தொடக்கத்தில் மேசையைத் தட்டுவதுபோலச் செத்த ஒலி. பிரேஸின் முனைகளைச் சீவச் சீவ ஒலி நீளும், தாழும், பலகை முழுவதும் சேர்ந்து பேசத் தொடங்கும். புதியவர்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இன்னும் சீவினால் இன்னும் இனிக்கும் என்ற ஆசை வரும். எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கப்போகும் கம்பிகளை நினைத்துக்கொண்டு உளியைக் கீழே வையுங்கள்.

பக்கப்பலகைகளை 2 மி.மீ.க்கு இழைத்து, லேசாக ஈரம் தடவி, சூடேற்றிய இரும்புக் குழாயில் வளைக்க வேண்டும். இடுப்பு வளைவிலிருந்து தொடங்குங்கள். பலகையை அழுத்தாமல் குழாயின் மேல் வைத்துக் காத்திருந்தால், ஒரு கட்டத்தில் மரம் தானாகவே தளர்வது கைக்குத் தெரியும். அப்போது மட்டும் அழுத்துங்கள். சூட்டில் ஈட்டி இனிமையாக மணக்கும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். இழைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். வளைத்ததை வெளி அச்சுக்குள் இறுக்கி ஆறவிடுங்கள். அந்த அச்சு மூல வரைபடத்திலிருந்து நேரடியாக வெட்டப்பட்டதாக இருக்கட்டும்.

பசை விஷயத்தில் எல்லோரும் ஒன்றையே பயன்படுத்துங்கள். தச்சுப் பட்டறையின் சாதாரண வெள்ளைப் பசை தொடர்ந்த இழுப்பிலும் வெப்பத்திலும் இளகி நகரும். வாத்தியக்காரர்கள் பயன்படுத்தும் மஞ்சள் மரப்பசை, அல்லது பழகியவராக இருந்தால் வச்சிரம், இரண்டில் ஒன்று. சூடும் ஈரமும் காட்டினால் வச்சிரம் விட்டுக்கொடுக்கும் என்பதால் பின்னாளில் பழுது பார்ப்பவர் உங்களை வாழ்த்துவார்.

## படி 7: நெக்

பெட்டி ஒரு பட்டறையில் வளரும்போது நெக் இன்னொன்றில் வளரலாம். நேர்ரேகை மகோகனி, நெக்கின் வளைவைச் சரிசெய்ய இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய டிரஸ் ராடு. விரல்பலகையில் ஃப்ரெட் பள்ளங்களை அறுத்துவிட்டு, நெக்கோடு ஒட்டுமுன் 12-ஆம் பள்ளத்தை மூல அளவுகோலால் இன்னொருவர் சரிபார்க்கட்டும். தான் அறுத்ததைத் தானே அளந்தால் கண் சொன்னதையே சொல்லும்.

நெக்கின் பின்புற வளைவு வாசிப்பவரின் கைக்கேற்ப அமைய வேண்டியது. குழுவில் வாசிப்பவரை வரவழைத்து, அவர் பிடித்துப் பார்க்கப் பார்க்கச் சீவுங்கள். நெக் பெட்டியைச் சேரும் ஹீல் பகுதியில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் மரத்தைச் சேர்த்தே விட்டுவையுங்கள். பொருத்தும் நாளில் தேவைப்படும்.

## படி 8: பொருத்தும் நாள்

இந்த வேலைக்கு எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கூரியரில் அனுப்பி, தொலைபேசியில் பேசி நடத்த முடியாது.

முதலில் பக்கவாட்டு நேர். நெக்கை போல்ட்டால் மாட்டி, விரல்பலகையின் இரண்டு ஓரங்களிலும் நீண்ட இரும்புப் பட்டைகளை வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். இரண்டு பட்டைகளும் மையக்கோட்டிலிருந்து சம தூரத்தில் முடிய வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக இருந்தால், நெக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து ஹீல் கன்னத்தைச் சீவுங்கள்.

அடுத்தது பின்சாய்வு. மட்டப்பட்டையை ஃப்ரெட்களின் மேல் படுக்க வைத்தால், அதன் முனை பிரிட்ஜின் மேல்முகத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். பிரிட்ஜில் மோதினால் நெக் முன்சாய்ந்திருக்கிறது, கம்பி உயரமாகிவிடும். இங்கே ஒரு கணக்கு கைகொடுக்கும். 14-ஆம் ஃப்ரெட்டிலிருந்து சாடில் வரை சுமார் 287 மி.மீ. ஹீலின் ஆழம் 90 மி.மீ. என்றால், பட்டையின் முனை 1 மி.மீ. உயர ஹீலின் அடியில் 0.3 மி.மீ. சீவினால் போதும். மேலே ஒன்றும் எடுக்காமல், அடியை நோக்கிச் சாய்வாகச் சீவ வேண்டும். ஒருவர் சீவ, ஒருவர் மாட்டி முடுக்க, ஒருவர் பட்டையை வைத்து எண்ணைச் சொல்ல, நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். தனியாளாகச் செய்யும் கைவினைஞர் நாள் முழுவதும் படும் பாட்டை மூன்று பேர் ஒரு காலையில் முடித்துவிடலாம். கூட்டாகச் செய்வதன் பலன் இந்த ஒரு வேலையிலேயே தெரிந்துவிடும்.

நேரும் சாய்வும் அமைந்தபின் பிரிட்ஜின் இடத்தைக் குறியுங்கள். கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறும் என்பதால் சாடில் 645-ஐத் தாண்டி இருக்க வேண்டும்: முதல் கம்பிக்குச் சுமார் 2 மி.மீ., ஆறாம் கம்பிக்கு 4 அல்லது 5 மி.மீ. சாடில் சாய்ந்திருப்பது அதனால்தான். குறித்ததை இருவர் தனித்தனியே அளந்து, இரண்டு எண்ணும் ஒத்துப்போனபின் ஊசியால் அடையாளமிடுங்கள்.

## படி 9: பாலிஷும் கம்பியும்

பாலிஷ் முழுவதும் ஒரே கையில் நடக்கட்டும். அரக்கிலிருந்து வரும் ஷெல்லாக்கைத் துணிப்பொட்டலத்தில் நனைத்துத் தேய்க்கும் பிரெஞ்ச் பாலிஷ் மிகச் சன்னமானது, பலகையின் ஒலியை அடக்காது, நச்சுப்புகையும் குறைவு. வியர்வைக்கு இளகும் என்பது அதன் குறை. லாக்கர் அடிப்பவர்கள் மழைநாளில் அடித்தால் வெண்புகை படிந்ததுபோல மங்கிவிடும். இரண்டில் எதுவானாலும் பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் பாலிஷ் படாமல் காகித நாடா ஒட்டி மறைத்துவிடுங்கள். பிரிட்ஜ் மரத்தோடு மரமாக ஒட்ட வேண்டும்.

கம்பி மாட்டிய முதல் நாளே உயரத்தை இறுதியாக்காதீர்கள். சில நாட்கள் இழுவிசையில் விட்டால் மேற்பலகை லேசாக எழும்பி நிலைக்கும். அதன்பின் 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியின் அடியில் 2.5 மி.மீ., முதல் கம்பியின் அடியில் 1.8 மி.மீ. என்று எலும்பு சாடிலைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

## பணமும் பெயரும்

பலகை வாங்குமுன்பே எழுதிவைக்க வேண்டியவை இவை. மரத்துக்கும் கம்பி, சாவி முதலியவற்றுக்கும் யார் எவ்வளவு போட்டார்கள். ஒருவர் கையில் பலகை பிளந்தால் செலவு யாருடையது. முடிந்த கிட்டார் யாரிடம் இருக்கும். விற்றால் எப்படிப் பங்கு. ஐந்து ஆண்டுகள் கழித்து பிரேஸ் விட்டால் யார் பழுது பார்ப்பது. ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். பிளந்த பலகையின் செலவைக் குழுவே ஏற்பது நல்லது என்பது என் கருத்து. தனியாள் பொறுப்பு என்றால் அவர் பயந்து பயந்து கனமான பலகையாகவே விட்டுவிடுவார், கிட்டார் ஊமையாகும்.

பெயர் விஷயத்தில் தாராளமாக இருங்கள். பெட்டியை மூடுமுன் மேற்பலகையின் உட்புறத்தில் எல்லோரும் பென்சிலால் பெயரும் செய்த வேலையும் எழுதுங்கள். ஒலித்துளை வழியே தெரியும் முத்திரைச் சீட்டிலும் எல்லாப் பெயர்களும் வரட்டும். உப்புத்தாள் மட்டும் தேய்த்த பையனின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கிட்டாரை விற்க அவசரப்படாதீர்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அது உங்களிடமே இருக்கட்டும். எங்கே அசைகிறது, எங்கே நிலைக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். அதற்குள் இரண்டாவது கிட்டாருக்கு மரம் வாங்கி அடுக்கிவிடுங்கள். இந்த முறை நெக் செய்தவர் பெட்டியை எடுத்துக்கொள்ளட்டும். பெட்டி செய்தவர் நெக்கை எடுத்துக்கொள்ளட்டும்.